முட்டிக்கொண்டு வந்ததும் சொல்லுங்கள்

ஐந்தாவது தம்ளர் தண்ணீர் இது. நன்றாக முட்டிக்கொண்டு வந்ததும் சொல்லுங்கள் தாத்தா, அரைகுறையாகப் போனால் மெஷின் கணக்கு எடுக்காது என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜெனிஃபர் என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறாள். யாருக்கு யார் தாத்தா. அறுபத்தெட்டு ஒரு வயதா. எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள், அவரைக்கொட்டை மாதிரி இரண்டு சிறுநீரகம், அவற்றிலிருந்து இரண்டு குழாய், குழாய் வந்து விழ ஒரு தொட்டி, தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு. எவன் வரைந்தானோ, லைனைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். எங்கள் டெப்போவில் மாட்டியிருந்த படமும் இதேதான், நிறம்தான் வேறு. முப்பத்தொரு வருஷம் இந்தப் பட்டணத்துக்குத் தண்ணீர் திறந்து மூடியவன் நான். குடிநீர் வாரியத்து வால்வு தணிகாசலம் என்று கேட்டால் பதினேழு தெருவில் வீட்டைக் காட்டுவார்கள், சிலர் காட்டிவிட்டுத் திட்டவும் செய்வார்கள். இந்தத் தெருவுக்கு நாற்பது நிமிடம், அந்தத் தெருவுக்கு முப்பத்தைந்து என்று அளந்து விட்டவனை இன்று நொடிக்கு எவ்வளவு என்று அளக்கப்போகிறது ஒரு மெஷின். சிரிப்பு வருகிறது. சிரித்தால் அடிவயிற்றில் முட்டுகிறது. ஆமாம், முட்டுகிறது. இருபது நிமிடமாகவே முட்டுகிறது. நான்தான் சொல்லவில்லை.

பக்கத்தில் பூங்காவனம், என் சம்சாரம். மடியில் இரண்டு லிட்டர் பாட்டில். இங்கே வைத்திருக்கிற கேனை அவள் நம்பவில்லை, வீட்டிலேயே காய்ச்சி ஆற்றி வடிகட்டி எடுத்து வந்திருக்கிறாள், இது காலியானால் எடுக்கப் பையில் இன்னொரு நிறை பாட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடது கையால் கழுத்தைப் பிடித்து, வலது கையை அடியில் முட்டுக்கொடுத்துச் சாய்க்கிறாள். அவளுடைய வலது மணிக்கட்டு கோணல். அதைப் பார்க்காமல் அவள் கையிலிருந்து தம்ளர் வாங்க நான் பழகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு சொட்டு நாற்காலியில் விழுந்ததும் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். தண்ணீர் விஷயத்தில் அவள் அப்படி. அரிசி களைந்தது ரோஜாச் செடிக்கு, துணி அலசினது கக்கூசுக்கு, பல் தேய்க்கும்போது நான் குழாயை மூடாமல் விட்டால் வந்து மூடிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். வாய் மட்டும் அதற்கு நேர் எதிர், திறந்தால் மூடுகிற வழியில்லை. "இன்னாய்யா, வருதா?" என்கிறாள். "இல்ல" என்கிறேன். "இல்லன்னா குடி. குடிச்சாதான வரும். ராத்திரி நீ எங்க தூங்கின, பொரண்டு பொரண்டு படுத்துகினு இருந்த. தேவகிக்கு போன் போட்டியா? போடல. அதுக்கும் நான்தான் போடணும்." தேவகி எங்கள் மகள், ஆவடியில் இருக்கிறாள். அந்தப் பேச்சு அப்படியே மகளுக்குத் தாவி, மகளின் மாமியார் முழங்காலுக்குப் போய், அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத அம்மாளின் முழங்காலுக்குப் போய்விட்டது. போகட்டும். அவள் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் என்னைப் பார்க்க மாட்டாள்.

எதிர்வரிசைத் தொந்திக்காரர் போனில் ஏதோ கோயில் அபிஷேகம் நேரலையில் பார்க்கிறார். குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்கள். காதில் மாட்டிக்கொள்ளக் கூடாதா மனுஷன், சளசளவென்று சத்தம் இந்த ஹால் முழுக்க, எனக்கென்றே வைத்த மாதிரி. சாமி, கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், நான் என்ன சொல்வேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். எடுத்துவிட்டேன். போடுவது இன்னும் மோசம். கதவு திறந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், டோக்கன் வாங்குகிறார்கள், போகிறார்கள், கர்ப்பிணிப் பெண்கள், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் மாமியார்கள், கையில் கட்டுப் போட்ட ஒருவன், ஓய்கிற மாதிரி இல்லை. இத்தனை பேருக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது, படம் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் ஒன்றும் இல்லை. தெரிந்த பிறகுதான் எல்லாம். போனில் படம் நின்றுவிட்டது. குடத்துக்கும் சாமி தலைக்கும் நடுவே பால் அந்தரத்தில் நிற்கிறது, அதன்மேல் ஒரு வட்டம் சுற்றுகிறது. அப்பாடா. தொந்திக்காரர் போனைத் தட்டுகிறார். தட்டினால் வராது சாமி, மேலே எங்கேயோ அடைத்திருக்கும். அது அப்படியே நிற்கட்டும் கொஞ்ச நேரம்.

பீட்ரூட் என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை காலை, குளியலறையில், சிவப்பாக. முதலில் கொஞ்சம், பிறகு நன்றாகவே. மக் மக்காகத் தண்ணீர் ஊற்றினேன், அவளுக்குத் தெரிந்தால் இத்தனை தண்ணீருக்கே சண்டை வரும். வெளியே வந்து, நேற்று பீட்ரூட் செய்தாயா என்று கேட்டேன். "பீட்ரூட்டா, வாங்கி ரெண்டு மாசம் ஆவுது, இன்னாத்துக்கு?" என்றாள். சும்மா, சாப்பிடணும் போல இருந்தது என்றேன். மறுநாள் எனக்குப் பீட்ரூட் பொரியல். அதற்கு மறுநாள் காலை மறுபடி சிவப்பு, அது பொரியலா அதுவா என்று தெரியாமல் நானே குழம்பி நின்றேன். என்ன புத்திசாலித்தனம். மெல்லிசாகப் போகிறது, நின்று நின்று போகிறது, அதற்காகத்தான் டாக்டரைப் பார்க்க வந்தோம், அது ஒரு வருஷத்துப் பழசு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயசானால் பிரஷர் குறையும், லைன் பழசு, அவ்வளவுதானே. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். எரிச்சல் இருக்கிறதா, இல்லை. காய்ச்சல், இல்லை. ரத்தம் ஏதாவது? நிமிர்ந்துகூடப் பார்க்காமல்தான் கேட்டார். பூங்காவனம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை சார் என்றேன். எவ்வளவு சுத்தமாக வந்தது அந்த இல்லை. முப்பத்தொரு வருஷம் பழகின கை, ஒரு சுற்றில் மூடிவிட்டது.

இப்போது போய் நின்றால் அது ஜாடியில் விழும். கண்ணாடி மாதிரி ஜாடி, அளவுக்கோடு போட்டது, நான் எட்டிப் பார்த்துவிட்டேன். ஜெனிஃபர் வந்து எடுப்பாள், ஐயோ தாத்தா என்பாள், உங்கள் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாள். அதற்குத்தான் பயம். சாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய், அதற்கும் பயம்தான், ஆனால் அது பின்னால் நிற்கிற பயம். முன்னால் நிற்பது அந்த ஐயோ. என்னோடு வேலை பார்த்த சின்னப்பராஜுக்குக் குழாய் போட்டார்கள். லுங்கிக்குள் தொடையோடு சேர்த்து ஒரு பை. பார்க்கப் போனபோது, உட்கார்ந்த இடத்திலேயே அவன் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பை நிறைவதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். டேய் தணிகா, இப்போ என் வால்வு யார் கையிலயும் இல்லடா என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு மாசம் இருந்தான். பூங்காவனத்தை அப்படித் திரும்பிக்கொள்ள வைக்க வேண்டுமா. அந்தக் கோணல் கையால் என் பையைக் காலி பண்ண வேண்டுமா அவள். அவளுக்கு நான் செய்ததெல்லாம் போதாதா. களைப்பாக இருக்கிறது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருக்கிறது. வீட்டிலும் இதேதான் வரும்.

செய்ததெல்லாம் என்றால் செய்தது ஒன்றுதான். ஏரி வறண்ட வருஷம் அது. ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர், தெருவுக்கு நாற்பது நிமிடம். எங்கள் தெரு கடைக்கோடி லைன், அதில் எங்கள் வீடு கடைசி வீடு, முன்வீட்டுக்காரர்கள் எல்லாம் பம்பில் அடித்து முடித்த பிறகுதான் எங்கள் பம்பில் நூலாக வரும். காலை ஆறேகாலுக்குத் திறந்தால் ஆறு ஐம்பத்தைந்துக்கு மூட வேண்டும். சாவி என் கையில். ஆளுயர இரும்புச் சாவி, ரோட்டுக் குழிக்குள் விட்டு முறுக்க வேண்டும். தெரு முழுக்க என்னையே பார்க்கும். தணிகாசலம் பெண்டாட்டிக்கு மட்டும் கூடுதலாக விடுகிறான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. அதற்காக நான் என்ன செய்தேன், எங்கள் தெருவை மட்டும் இரண்டு நிமிடம் முன்னாலேயே மூடினேன். ஒவ்வொரு முறையும் ஆறு ஐம்பத்து மூன்று. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்த யோக்கியதை. மற்ற பதினாறு தெருவுக்கும் முழு நேரம், என் தெருவுக்கு மட்டும் இரண்டு நிமிடம் குறைச்சல், அதை நினைத்து ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். அன்றைக்கு மூன்று குடம் நிறைந்து நாலாவது பாதியில் இருந்தது. தெருமுனையிலிருந்து பார்க்கிறேன், அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கூப்பிடவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் என்று. வாட்சைப் பார்த்தேன். ஆறு ஐம்பத்து மூன்று. முறுக்கினேன். சாவி வழியாகக் கைக்குத் தெரியும் அது, தண்ணீர் நிற்பது. கடைசியில் ஒரு மூச்சு விடும் குழாய். தூக்கின கையை அவள் மெதுவாக இறக்கினாள். அன்று சாயங்காலம் அந்த அரைக் குடத்தை ரொப்பப் பக்கத்துத் தெருவுக்கு வந்த தண்ணீர் லாரிக்குப் போனாள், நெரிசலில் ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தாள், மணிக்கட்டு இரண்டாகப் போயிற்று. கட்டுப் போட்டும் கோணலாகவே கூடியது. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பேசுகிறவள் இதை மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தரம் திட்டியிருக்கலாம். இரண்டு நிமிஷம் விட்டா உன் சொத்தா பூடும் என்று ஒரு தரம் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"தாத்தா, இன்னும் வரலையா? டாக்டர் கிளம்பிடுவார்." ஜெனிஃபர் நிற்கிறாள். "வந்துச்சி" என்று என் வாய் சொல்கிறது. எழுந்தேன். எழுந்ததும் எல்லாம் ஒரேயடியாகக் கீழே இறங்குகிற மாதிரி இருந்தது, தொடையை நெருக்கிக்கொண்டு நடந்தேன், பூங்காவனம் பாட்டிலோடு பின்னால் வருகிறாள், நீ எதற்கு என்றால் கேட்க மாட்டாள். தாழ்வாரக் கடைசியில் ஒரு கை கழுவும் தொட்டி, அதற்குப் பக்கத்தில் அந்த அறை. உள்ளே ஸ்டாண்டில் வெள்ளைப் புனல், கீழே ஜாடி, ஒரு வயர் சுவருக்குள் போகிறது, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். கதவைச் சாத்திக்கோங்க, தாழ் போட வேண்டாம், முடிச்சதும் கூப்பிடுங்க என்றாள் ஜெனிஃபர். நின்றேன். வேட்டியை ஒதுக்கினேன். ஒன்றுமில்லை. இருபது நிமிடமாக உயிரை எடுத்தது எங்கே போயிற்று. வா. வர மாட்டேன் என்கிறது. இத்தனை நேரம் வேண்டாம் என்றேன், அது சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போது வேண்டும் என்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறது. புனல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கீழே ஜாடி சுத்தமாக இருக்கிறது, எவ்வளவு சுத்தம், அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அடிவயிறு கல்லாக வலிக்கிறது. நெற்றியில் வேர்க்கிறது. வெளியிலிருந்து ஜெனிஃபர், "தாத்தா, டேப்பத் திறந்து விடுங்க, சத்தம் கேட்டா வந்துடும்" என்றாள். எனக்கா சொல்லித் தருகிறாள். திறந்தேன். ஹூம் என்று ஒரு மூச்சு விட்டது குழாய். அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். மேல் தொட்டி காலி, மோட்டார் போட மறந்திருக்கிறார்கள். ஆறு ஐம்பத்து மூன்று என்று தோன்றியது. குழாயைப் பிடித்தபடியே நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு மட்டும் தடையில்லை.

"இன்னாய்யா ஆச்சி?" கதவுக்கு அந்தப் பக்கம் பூங்காவனம். "தண்ணி வரல பூங்கா." "எந்தத் தண்ணி?" "ரெண்டும்." பிறகு பாட்டில் மூடி திருகுகிற சத்தம். பிறகு, வெளியே அந்தக் கை கழுவும் தொட்டியில், தண்ணீர். மேலேயிருந்து மெல்லிசாக, நூலாக, விழுந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சி ஆற்றி வடிகட்டின தண்ணீர். ஒரு சொட்டைத் தலைப்பால் ஒற்றி எடுத்தவள், தெருப் பைப்பில் கொஞ்சம் சொட்டினால் போய் இறுக்கிவிட்டு வருகிறவள், யாருக்கும் ஆகாமல் சாக்கடைக்குப் போகிறபடி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கனமான பாட்டில் அது. இடது கை கழுத்தில் இருக்கும், கோணல் கை அடியில் இருக்கும், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிகிறது. "ஊத்தறேன். நீ போ" என்றாள். முதலில் ஒரு சொட்டு. ஒரு எரிச்சல். பிறகு மெஷின் கிர்ரென்றது, புனலில் விழுகிறது, நின்றது, மறுபடி விழுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு திறந்து குனிந்து பார்த்தேன். ஜாடியில் அது இருந்தது. பீட்ரூட் இல்லை, ஒன்றும் இல்லை, அதுதான்.

"பூங்கா" என்றேன். "சொல்லு." "ரத்தம் வருது." எவ்வளவு சின்ன வாக்கியம், அதற்கு இத்தனை நாள். வெளியே தண்ணீர் நிற்கும் என்று காத்திருந்தேன், பாட்டில் கீழே விழும், ஐயோ என்பாள். நிற்கவில்லை. அதே மெல்லிசில் விழுந்துகொண்டிருந்தது. "தெரியும்யா" என்றாள். "உன் வேட்டியத் தோய்க்கறது யாரு? சனிக்கெழமையே பாத்தேன். நீயே சொல்லுவன்னு இருந்தேன், டாக்டராண்டயும் இல்லன்ட்ட. அந்தப் பொண்ணாண்ட காலைலயே சொல்ட்டேன், டாக்டரும் பாத்துட்டுதான் போறேன்னாரு. இன்னாவோ ஒண்ணு, பாத்துக்கலாம்." நான் சுவரில் சாய்ந்தேன். அப்போது நின்றுவிட்டது எனக்கு. உள்ளே இன்னும் பாதி இருக்கிறது, நின்றுவிட்டது. அன்றைக்கு நான் முன்னாலேயே மூடினேன் பூங்கா, ரெண்டு நிமிஷம், வேணும்னே, என்று சொல்லப் பார்த்தேன். நிமிஷம் என்பதுவரைகூட வரவில்லை, முதல் எழுத்திலேயே நின்றது. அவள் வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டாளா, அதையே எடுத்துக்கொண்டாளா, தெரியாது. பையிலிருந்து அந்த இன்னொரு பாட்டிலின் மூடியைத் திருகுகிறாள். கை வலித்திருக்க வேண்டும், ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். மறுபடி தண்ணீர்ச் சத்தம், முன்னைவிட உயரத்திலிருந்து.

"அவசரப்படாத. முழுசா போ" என்றாள். "இன்னும் இந்த பாட்டில் கீது. நீ முடிக்கிற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்."